கோப்பைத் திறந்ததே சான்றாகுமா?

"ஒன்றுமே இல்லையென்றால் அமெரிக்க அரசு எதற்காக இருபத்திரண்டு ஆண்டுகள் பறக்கும் தட்டுகளை ஆராய்ந்தது? சிஐஏ எதற்காக விஞ்ஞானிகளைக் கூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது? நெருப்பில்லாமல் புகையுமா?"

பறக்கும் தட்டுகளைப் பற்றிய பேச்சில் இந்த மூன்று கேள்விகளும் வந்துவிட்டால் விவாதம் அதோடு முடிந்துவிடுகிறது. கேட்டவர் வேறு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை; எதிரில் இருப்பவர் தலையாட்டிவிடுகிறார். வேற்றுக்கிரகவாசிகளை நம்பாதவர்கள்கூட, அரசு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறதே, ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று இறங்கிவருகிறார்கள். இது தவறான வாதம். அதோடு, உண்மையில் நடந்த ஓர் அநியாயத்தை நம் பார்வையிலிருந்து மறைக்கும் வாதமும்கூட. விரிவாக மறுக்க முற்பட்டது அதனால்தான்.

எதிர்த்தரப்பின் வழக்கை அதன் முழு வலுவோடு முன்வைத்துவிடுகிறேன். 1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்ட் என்ற விமானி, வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைக்கு அருகே ஒன்பது பொருள்கள் அசாத்திய வேகத்தில் பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். சில வாரங்களுக்குள் நாடெங்கும் இருந்து நூற்றுக்கணக்கான தகவல்கள் வந்தன. செப்டம்பர் 23 அன்று ஜெனரல் நேதன் ட்வைனிங், பார்க்கப்பட்டவை மாயத்தோற்றமோ கட்டுக்கதையோ அல்ல, மெய்யானவை என்று ரகசியக் குறிப்பு எழுதினார். 1948 ஜனவரியில் விமானப்படையின் 'சைன்' திட்டம் தொடங்கியது. 1949இல் அது 'கிரட்ஜ்' ஆனது. 1952இல் 'புளூ புக்'. 1969 டிசம்பரில் மூடப்படும்வரை பதிவான நிகழ்வுகள் 12,618. அவற்றில் 701 நிகழ்வுகளுக்கு விளக்கம் கிடைக்கவில்லை. 1953 ஜனவரியில் சிஐஏ கூட்டிய விஞ்ஞானிகள் குழுவில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற லூயி ஆல்வரெஸ் இருந்தார். சிஐஏ தொடங்கியபோது அதன் இயக்குநராக இருந்த ராஸ்கோ ஹில்லென்கோட்டரே, விமானப்படையின் உயரதிகாரிகள் திரைமறைவில் இதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்று 1960இல் பகிரங்கமாகச் சொன்னார்.

இத்தனையும் நடந்தவை. எதையும் நான் மறுக்கவில்லை. இவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

தொடங்குமுன் ஒரு நிபந்தனை. வேற்றுக்கிரக விண்கலம் எதையும் அமெரிக்க அரசு வைத்திருந்ததற்குச் சான்றில்லை என்று பென்டகன் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதை நான் இங்கே பயன்படுத்தப்போவதில்லை. இந்த விஷயத்தில் மக்களிடம் பொய் சொன்ன அமைப்பு, தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் சான்றிதழை எதிர்த்தரப்பு ஏற்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. மக்கள் படிப்பார்கள் என்று எண்ணாமல், அதிகாரிகள் தங்களுக்குள் ரகசியமாக எழுதிக்கொண்டவற்றையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். மறைக்க ஏதேனும் இருந்திருந்தால் அந்தத் தாள்களில்தான் இருந்திருக்க வேண்டும்.

1. உளவுத்துறை ஒரு கோப்பை ஏன் திறக்கிறது? வானில் இருப்பது என்னவென்று தெரிந்ததனாலா, தெரியாததனாலா? 'ஆராய்ந்தார்களே' என்ற வாதம் இந்த முதற்கேள்வியிலேயே வழுக்கி விழுகிறது. வானில் ஏதோ பறக்கிறது என்று பொறுப்பான மனிதர்கள் சொல்லும்போது ஆராயாமல் இருந்திருந்தால் அதுதான் குற்றம். 1947இன் அமெரிக்க அதிகாரி ஒவ்வொருவருக்கும் இது நெஞ்சில் சுட்ட பாடம். 1941 டிசம்பர் 7 காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின், ஹவாய்த் தீவுகளின் ஓபானா ரேடார் நிலையத்தில் இருந்த இரு வீரர்கள் பெரிய விமானக் கூட்டம் ஒன்று நெருங்குவதைத் திரையில் கண்டு மேலே தெரிவித்தார்கள். பணியில் இருந்த அதிகாரி, அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய நம் விமானங்களாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம் என்றார். வந்தவை ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள். பேர்ல் துறைமுகத்தில் 2,400க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். இனி அடையாளம் தெரியாத எந்தப் புள்ளியையும் 'கவலை வேண்டாம்' என்று தள்ளிவிட முடியாது என்பது அந்தக் காலையில் எழுதப்பட்ட விதி. அந்த விதியைப் பின்பற்றிய அதிகாரிகளின் கவனத்தைத்தான் இன்று விண்கலத்துக்குச் சாட்சியாக நிறுத்துகிறார்கள்.

1947ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். முந்தைய ஆண்டு கோடையில் சுவீடனின் வானத்தில் ராக்கெட் போன்ற உருவங்களைப் பார்த்ததாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகவல்கள். ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டுகள் உருவான பீனெமுண்டே சோவியத் கையில் இருந்ததால், ரஷ்யர்கள் அங்கிருந்து சோதனை நடத்துகிறார்களோ என்ற அச்சம் பரவியது. 1947 ஆகஸ்ட் 3 அன்று மாஸ்கோவின் துஷினோ விமானக் காட்சியில், ஹிரோஷிமாவில் குண்டு போட்ட அதே பி-29 விமானத்தின் சோவியத் நகல்கள் பறந்தன. போரின்போது சோவியத் மண்ணில் இறங்க நேர்ந்த அமெரிக்க விமானங்களைப் பிரித்துப் பார்த்துச் செய்யப்பட்ட நகல்கள் அவை. அணுகுண்டு மட்டும் கிடைத்துவிட்டால் போதும், அதைச் சுமந்து அமெரிக்க நகரங்களை எட்டக்கூடிய வாகனம் எதிரியிடம் வந்துவிட்டது. வால் இல்லாமல் இறக்கை மட்டுமே கொண்ட விமானங்களை வடிவமைத்த ஜெர்மனியின் ஹார்ட்டென் சகோதரர்களைப் பற்றி அமெரிக்க உளவுத்துறை அந்த ஆண்டு தீவிரமாக விசாரித்தது. தட்டுப் போன்ற வடிவத்தைக் கேட்டதும் அதிகாரிகளின் நினைவுக்கு வந்தது அந்த விமானங்கள். அவர்கள் தேடியது மாஸ்கோவின் விமானத்தை.

இந்தியாவிலும் இது நடந்திருக்கிறது. 2012-13இல் லடாக்கில், சீன எல்லையை ஒட்டிய பகுதியில், அடையாளம் தெரியாத ஒளிகளை நம் ராணுவ வீரர்கள் மாதக்கணக்கில் கண்காணித்துப் பதிவு செய்தார்கள். சீனாவின் ஆளில்லா விமானங்கள் என்ற சந்தேகம். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானியலாளர்களை அழைத்துக் கேட்டபோது, அவை வியாழனும் வெள்ளியும் என்று தெரிந்தது. அந்த வீரர்களை நான் குறைத்துப் பேசவில்லை. எல்லையில் நிற்பவன் ஒளியைக் கண்டால் எழுதி வைக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் மாதக்கணக்கில் எழுதிவைத்தார்கள் என்பதால் வியாழன் வேறொன்றாக மாறிவிடாது.

2. ட்வைனிங்கின் குறிப்பை முழுதாகப் படித்தவர்கள் எத்தனை பேர்? 'மெய்யானவை' என்ற ஒரு வரி ஆயிரம் இடங்களில் மேற்கோளாகிறது. அடுத்த வரிகளை யாரும் காட்டுவதில்லை. சில நிகழ்வுகள் எரிகற்கள் போன்ற இயற்கை நிகழ்ச்சிகளாக இருக்கலாம் என்று அதே குறிப்பு சொல்கிறது. இத்தகைய விமானத்தை அப்போதைய அமெரிக்க அறிவைக் கொண்டே, விரிவான முயற்சி எடுத்தால், கட்ட முடியும் என்கிறது. பிறகு மூன்று விஷயங்களைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. ஒன்று, இவை நம் நாட்டிலேயே, தங்களுக்குத் தெரியாத ஏதோ உயர்ரகசியத் திட்டத்தில் உருவானவையாக இருக்கலாம். இரண்டு, விழுந்து கைப்பற்றப்பட்ட பாகம் எதுவும் இல்லாததால் இவை இருப்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ முடியவில்லை. மூன்று, ஏதோ ஓர் அந்நிய நாட்டிடம், அணுசக்தியால் இயங்கக்கூடிய உந்துமுறை இருக்கலாம். வேறு கிரகம் என்ற பேச்சே அந்தக் குறிப்பில் கிடையாது.

இரண்டாவதை மறுபடி படியுங்கள். ட்வைனிங் அப்போது ரைட் ஃபீல்டில் இருந்த விமானத் தளவாடப் பிரிவின் தலைவர். நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் 1947 ஜூலையில் விண்கலம் விழுந்தது, அதன் சிதைவுகளை ரைட் ஃபீல்டுக்குக் கொண்டுபோனார்கள் என்பதுதான் ராஸ்வெல் கதை. அந்த ரைட் ஃபீல்டின் தலைவர், பதினொரு வாரங்கள் கழித்து, வாஷிங்டனில் விமானப்படை உளவுப் பிரிவில் இருந்த ஜெனரல் ஷுல்கெனுக்கு ரகசியமாக எழுதுகிறார்: கைப்பற்றப்பட்ட பாகம் எதுவும் இல்லை. இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. ஷுல்கெனுக்கு அவ்வளவு உயர்ந்த ரகசியத்தை அறியும் தகுதி இல்லை, ஆகவே ட்வைனிங் மறைத்தார் என்பார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தக் குறிப்பு பொய் கலந்த ஆவணம். பொய் கலந்த ஆவணத்தின் முதல் வரியை மட்டும் பொறுக்கி எடுத்துச் சத்தியப் பிரமாணமாக எப்படி நீட்டுவது? குறிப்பு மெய் என்றால் ராஸ்வெல் விண்கலம் இல்லை. குறிப்பு பொய் என்றால் ட்வைனிங்கின் சாட்சியம் இல்லை. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள வழியில்லை.

3. 'சைன் திட்ட அதிகாரிகளே வேற்றுக்கிரகம் என்று முடிவு கட்டினார்களே!' இதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. புளூ புக்கின் தலைவராக இருந்த கேப்டன் எட்வர்ட் ரப்பெல்ட் 1956இல் எழுதிய நூலின்படி, 1948இல் அப்படி ஒரு மதிப்பீடு தயாராகி விமானப்படைத் தலைமைத் தளபதி ஹோய்ட் வாண்டன்பர்க் வரை போனது. அவர் அதை நிராகரித்தார், பிரதிகள் எரிக்கப்பட்டன. இன்றுவரை ஒரு பிரதிகூட வெளிவரவில்லை. ரப்பெல்ட்டை நம்புகிறேன். ஆனால் நிராகரிப்புக்கு அவர் சொல்லும் காரணம், போதிய ஆதாரம் இல்லை என்பது. இது பத்திரிகையாளர் கூட்டத்தில் சொல்லப்பட்டதல்ல. தளபதி தன் கீழுள்ள அதிகாரிகளிடம், நான்கு சுவர்களுக்குள் சொன்னது. கைவசம் ஒரு விண்கலம் இருந்திருந்தால் சைன் அதிகாரிகள் அதைக் காட்டியிருப்பார்கள். அவர்களிடம் இருந்தவை சாட்சிகளின் வாக்குமூலங்கள். சில அதிகாரிகள் நம்பினார்கள் என்பது அந்த அதிகாரிகளைப் பற்றிய உண்மை. ஹில்லென்கோட்டருக்கும் இதே பதில்தான். அதிகாரிகள் கவலைப்படுகிறார்கள் என்றார். கவலைக்குரிய பொருள் எதையும் அவர் முன்வைக்கவில்லை.

4. ரகசியம் இருந்ததா? இருந்தது. மலைபோல இருந்தது. எதிர்த்தரப்பு பிழை செய்வது ரகசியம் இருந்தது என்று சொல்வதில் இல்லை. ரகசியத்துக்குள் என்ன இருந்தது என்று ஊகிப்பதில்தான்.

ராஸ்வெல்லில் விழுந்தது 'மோகல்' என்ற திட்டத்தின் பலூன் தொடர் என்று விமானப்படை 1994இல் விளக்கியது. சோவியத் அணுகுண்டு சோதனை நடந்தால் அதன் ஒலி அலைகளை வளிமண்டலத்தின் உயர் அடுக்கில் பிடிக்க வேண்டும் என்பதற்காக, நியூயார்க் பல்கலைக்கழகக் குழு நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவிலிருந்து ஒலிவாங்கிகளும் ரேடார் எதிரொளிப்பான்களும் கட்டிய பலூன்களை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. பலூன்கள் சாதாரணமானவை, நோக்கம்தான் உயர்ரகசியம். 1947 ஜூலை 8 அன்று 'பறக்கும் தட்டு கிடைத்தது' என்று ராஸ்வெல் விமானதளம் அறிவித்து, உடனே 'வானிலை பலூன்' என்று மாற்றியபோது, மக்களிடம் சொல்லப்பட்டது பாதி உண்மை. அரசு பொய் சொன்னது என்று நம்புகிறவர்கள் இந்த அளவில் சரியாகவே நம்புகிறார்கள். ஆனால் அந்தப் பொய்யின் பின்னால் இருந்தது ரஷ்யாவின் அணுகுண்டை ஒட்டுக்கேட்கும் வேலை.

1948 ஜனவரி 7 அன்று கென்டக்கியில் கேப்டன் தாமஸ் மான்டெல் செத்துப்போனார். காட்மன் விமானதளத்துக்கு மேலே தெரிந்த பெரிய பளபளக்கும் பொருளைத் துரத்தி, ஆக்சிஜன் கருவி இல்லாத எஃப்-51 விமானத்தில் இருபதாயிரம் அடிக்கும் மேலே ஏறி, நினைவிழந்து விழுந்தார். முதலில் வெள்ளிக் கோள் என்றார்கள். மிகப் பொருத்தமான விளக்கமாகப் பின்னர் ரப்பெல்ட் கண்டது கடற்படையின் 'ஸ்கைஹுக்' பலூன். கிட்டத்தட்ட நூறு அடி அகலத்துக்கு விரிந்து மிக உயரத்தில் மிதக்கும் அந்தப் பலூன்கள் அப்போது ரகசியம். காட்மன் தளத்தில் இருந்த எவருக்கும் அவற்றைத் தெரியாது. இந்த விளக்கம் சரியென்றால், தன் நாட்டுக் கடற்படையின் பலூனைத் துரத்திய இளைஞன் ஒருவன், ரகசியத்தின் காரணமாகவே உயிரை விட்டான். வேற்றுக்கிரகக் கதையில் மான்டெல் முதல் பலியாக வாழ்கிறார். உண்மையில் அவர் சாவுக்குக் கணக்குக் கேட்க வேண்டிய இடம் கடற்படைக்கும் விமானப்படைக்கும் நடுவில் எழுப்பப்பட்ட ரகசியச் சுவர். அந்தக் கணக்கைக் கேட்க விடாமல் செய்வது விண்கலக் கதைதான்.

1955 ஆகஸ்ட் முதல் யு-2 உளவு விமானம் பறந்தது. பயணிகள் விமானங்கள் பத்தாயிரம், இருபதாயிரம் அடியில் பறந்த காலத்தில் அது அறுபதாயிரம் அடிக்கு மேலே போனது. கீழே இருட்டிய பிறகும் அதன் வெள்ளி இறக்கையில் சூரியன் மின்னியது. அவ்வளவு உயரத்தில் விமானம் பறக்க முடியும் என்றே நம்பாத விமானிகள் அதைப் புகாராக எழுதினார்கள். புளூ புக் அதிகாரிகள் யு-2 பயணப் பட்டியலோடு ஒப்பிட்டு உண்மையைத் தெரிந்துகொண்டும், புகார் எழுதியவரிடம் இயற்கை நிகழ்ச்சி என்று பதில் சொன்னதாக 1997இல் வெளியான சிஐஏவின் சொந்த வரலாறே ஒப்புக்கொள்கிறது. ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் வந்த தகவல்களில் பாதிக்கு மேல் இந்த உளவு விமானங்கள்தாம் என்றும் அந்த வரலாறு உரிமை கோருகிறது. அந்த அளவை நான் ஏற்கவில்லை. புளூ புக்கின் கோப்புகளைச் சோதித்தவர்கள் அதைக் கேள்விக்குள்ளாக்கியிருக்கிறார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய விமானங்களால் அத்தனை ஆயிரம் காட்சிகள் என்பது மிகை. ஆனால் சிறு பங்கு என்றாலும் வழக்கு மாறிவிடுகிறது. 1960 மே முதல் நாள் யு-2 ஒன்று சோவியத் மண்ணில் சுடப்பட்டபோது, அது வானிலை ஆய்வு விமானம் என்று அமெரிக்கா அறிவித்தது. உயிரோடு பிடிபட்ட விமானி இருப்பதைச் சோவியத் தலைவர் குருஷ்சேவ் வெளியிட்டதும் அந்தப் பொய் உலகத்தின் முன் உடைந்தது. ராஸ்வெல்லிலும் வானிலை, யு-2விலும் வானிலை. பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே போர்வை, இரண்டு முறையும் அதற்கடியில் இருந்தது ரஷ்யாவை வேவு பார்க்கும் கருவி.

5. சிஐஏ எதற்கு அஞ்சியது? இந்தக் கேள்விக்கு ஊகம் தேவையில்லை, எழுதிவைத்திருக்கிறார்கள். 1952 ஜூலையில் இரண்டு வார இறுதிகளில் வாஷிங்டன் விமான நிலையத்தின் ரேடாரில் மர்மப் புள்ளிகள் தெரிந்தன. எஃப்-94 போர் விமானங்கள் விரைந்தன. ஜூலை 29 அன்று மேஜர் ஜெனரல் ஜான் சாம்ஃபோர்ட் பெரும் பத்திரிகையாளர் கூட்டத்தைக் கூட்டி, வளிமண்டலத்தின் வெப்பநிலைத் தலைகீழ் அடுக்குகள் ரேடாரை ஏமாற்றியிருக்கலாம் என்றார். அந்த ஆண்டு மட்டும் புளூ புக்குக்கு வந்த தகவல்கள் 1,501. அந்த ஜூலை 14ஆம் தேதிதான் 'ஸ்கைவாட்ச்' என்ற பெயரில், சோவியத் விமானங்கள் வருகின்றனவா என்று இரவும் பகலும் வானத்தைப் பார்க்கப் பொதுமக்களை விமானப்படை களமிறக்கியிருந்தது. ஒரு நாட்டையே அண்ணாந்து பார்க்கச் சொன்னால் அந்த நாடு எதையாவது பார்க்கத்தான் செய்யும்.

சிஐஏவின் அறிவியல் உளவுப் பிரிவின் தலைவர் மார்ஷல் சாட்வெல், அந்த இலையுதிர்காலத்தில் இயக்குநர் வால்டர் பெடல் ஸ்மித்துக்கு எழுதிய குறிப்பில் இரண்டு ஆபத்துகளைச் சொன்னார். ஒன்று, பறக்கும் தட்டுப் பீதியை எதிரி உளவியல் போருக்குப் பயன்படுத்தலாம். சோவியத் பத்திரிகைகளில் இந்தச் செய்தியே வராதது அவர் சந்தேகத்தைக் கிளறியது. இரண்டு, தாக்குதல் நடக்கும் வேளையில் மெய்யான விமானத்தையும் மாயப்புள்ளியையும் உடனடியாகப் பிரித்தறிய முடியாது. ஆயிரக்கணக்கான தட்டுத் தகவல்களில் உண்மையான குண்டுவீச்சு விமானத்தின் எச்சரிக்கை புதைந்துபோகும். ஓபானா மறுபடி நடக்கும்.

1953 ஜனவரியில் கூடிய குழுவின் உறுப்பினர்களைப் பாருங்கள். தலைவர் எச். பி. ராபர்ட்சன், போர்க்கால அறிவியல் உளவில் அனுபவம் பெற்ற இயற்பியலர். சாமுவேல் கௌட்ஸ்மிட், ஜெர்மனியின் அணுகுண்டு முயற்சி எதுவரை போனது என்று கண்டறிந்த ஆல்சோஸ் குழுவின் அறிவியல் தலைவர். எதிரியின் ஆயுதத்தை மோப்பம் பிடிப்பதில் தேர்ந்தவர்கள். நான்கு நாள் கூடி, சில மணி நேரமே கோப்புகளையும் படச்சுருள்களையும் பார்த்து, பொருள்களால் ஆபத்தில்லை, தகவல்களின் வெள்ளத்தால்தான் ஆபத்து என்று முடிவு செய்தார்கள். அவ்வளவு குறைந்த நேரம் போதாது என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேற்றுக்கிரகக் கலம் ஒன்று கையில் இருக்கும் அரசு, அதைப் பற்றி நான்கு நாள் பேசிவிட்டுக் கலைந்துபோகுமா?

6. '701 நிகழ்வுகளுக்கு இன்னும் விளக்கம் இல்லையே!' இல்லைதான். எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் மிக வலுவான சீட்டும் இங்கேதான் இருக்கிறது. விமானப்படைக்காக பட்டெல் நிறுவனம் செய்து 1955இல் வெளியான ஆய்வு, 3,201 நிகழ்வுகளை எடுத்து, ஐந்தில் ஒன்றுக்கு மேல் விளக்கமற்றவை என்று வகைப்படுத்தியது. தரம் குறைந்த தகவல்களைவிட, தரமான சாட்சிகளின் தகவல்களில் விளக்கமற்றவை அதிக விகிதத்தில் இருந்தன. வெறும் குழப்பம் என்றால், சாட்சி தெளிவாக இருக்க இருக்க விளக்கம் எளிதாக வேண்டுமே என்று கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி.

என் பதில் இது. அங்கே அளக்கப்பட்ட தரம் சாட்சியின் நம்பகத்தன்மையும் வாக்குமூலத்தின் ஒழுங்கும்தான். பொருளின் தூரம், அளவு, வேகம் ஆகியவை தனியே அளக்கப்படவில்லை. பின்னணியில் ஒப்பிட எதுவும் இல்லாத வானத்தில் தூரம் தெரியாவிட்டால் வேகமும் தெரியாது, அளவும் தெரியாது, விமானிக்கும் தெரியாது. நேர்த்தியான சாட்சி, தவறாக ஊகித்த தூரத்தையும் வேகத்தையும் துல்லியமான எண்ணாக எழுதித் தருகிறார். அந்த எண்ணோடு எந்த விமானமும் பலூனும் பொருந்தாது. தெளிவில்லாத சாட்சியின் தகவலில் அந்த எண்ணே இருக்காது. அதை எதிலும் பொருத்திவிடலாம். இதற்கு மேலும் சில நிகழ்வுகள் மிஞ்சும். அவற்றுக்கு எனக்கு விளக்கம் தெரியாது. தெரியாது என்ற இடத்தில் நிற்பதுதான் நேர்மை. தெரியாது என்பதிலிருந்து, ஆகவே வேறு கிரகம் என்று தாவுகிறவர், விளக்கம் இல்லாத ஒன்றுக்கு விளக்கம் கொடுத்துவிட்டார். அதற்கான சான்றை அவர்தான் தர வேண்டும்.

7. கோப்பில் இருப்பதெல்லாம் உண்மையா? எஃப்பிஐயின் இணைய ஆவணக் காப்பகத்தில் மிக அதிகம் பேர் பார்த்தது, 1950 மார்ச் 22 அன்று கை ஹாட்டல் என்ற அதிகாரி இயக்குநர் ஹூவருக்கு அனுப்பிய ஒரு பக்கக் குறிப்பு. நியூ மெக்சிகோவில் மூன்று தட்டுகள் கிடைத்தன, ஒவ்வொன்றிலும் மூன்றடி உயர உடல்கள் மூன்று என்று அதில் இருக்கிறது. ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டு மூன்றாமவர் எழுதியது. எஃப்பிஐ அதை விசாரிக்கக்கூட இல்லை. அதே கதையை அப்போது பரப்பிக்கொண்டிருந்தவரும் அவருடைய கூட்டாளியும், எண்ணெய்க் கிணறு கண்டுபிடிக்கும் போலிக் கருவி விற்ற மோசடிக்காக 1953இல் தண்டிக்கப்பட்டார்கள். வதந்தியையும் பதிவு செய்வது உளவுத்துறையின் வேலை. முத்திரை விழுந்ததால் வதந்தி மெய்யாகாது.

பிரிட்டனைக் காட்டுவார்கள். அங்கும் அறிவியலாளர் ஹென்றி டிசார்டின் யோசனையின்பேரில் ரகசியக் குழு அமைந்தது. 1951 ஜூனில் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 28 அன்று பிரதமர் சர்ச்சில் இந்தப் பறக்கும் தட்டு விவகாரத்தின் உண்மை என்ன என்று கேட்டு எழுத, அந்த அறிக்கையின் அடிப்படையில்தான் பதில் தரப்பட்டது. அரை நூற்றாண்டு பூட்டிக் கிடந்த அறிக்கை 2001இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. உள்ளே இருந்தவை: தவறாக அடையாளம் கண்ட விமானங்கள், பலூன்கள், பறவைகள், கண்மயக்கங்கள், புரட்டுகள். பூட்டியிருந்ததால் உள்ளே புதையல் என்று அதுவரை வாதிட்டவர்கள், திறந்த பிறகு அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு அடுத்த பூட்டைக் காட்டுகிறார்கள்.

இந்த நம்பிக்கையால் யாருக்கு என்ன கேடு, பொழுதுபோக்குதானே என்று கேட்கலாம். கேடு இருக்கிறது. ராபர்ட்சன் குழு பொருள்களைப் பற்றிச் சொன்னதோடு நிற்கவில்லை. பறக்கும் தட்டுகளின் மீதிருக்கும் மதிப்பைக் குலைக்க தொலைக்காட்சி, திரைப்படம், பத்திரிகைக் கட்டுரைகள் வழியே பிரசாரம் செய்யப் பரிந்துரைத்தது. தகவல் சேகரித்த இரண்டு குடிமக்கள் அமைப்புகளைப் பெயர் சொல்லி, அவை நாசவேலைக்குப் பயன்படக்கூடும், கண்காணிக்க வேண்டும் என்றது. சொந்தப் பணத்தில் கூடிப் பேசிக் குறிப்பெடுத்த சாதாரண மனிதர்களை ஒரு ஜனநாயக அரசின் உளவமைப்பு சந்தேகப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. அதே 1953 ஆகஸ்டில் விமானப்படை ஒரு விதி கொண்டுவந்தது: அடையாளம் காணப்பட்ட நிகழ்வுகளை மட்டும் பத்திரிகைக்குச் சொல்லலாம், மற்றவற்றைச் சொல்லக் கூடாது. 1966இல் குழுவின் அறிக்கையைக் கேட்டவர்களிடம், தான்தான் அதைக் கூட்டியது என்பதை வெட்டியெடுத்த பிரதியையே சிஐஏ கொடுத்தது.

இவை தாளில் இருக்கும் குற்றங்கள். தேதியும் கையொப்பமும் உண்டு. ஆனால் விண்கலம் எங்கே, உடல்கள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்க நேரமில்லை. சிஐஏவுக்கு இதைவிட வசதியான விமரிசகர்கள் கிடைக்க மாட்டார்கள். இல்லாத பொருளைக் காட்டச் சொல்கிறவரிடம் 'இல்லை' என்று உண்மையாகவே சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. உண்மையில் செய்ததைக் கேட்பவரிடம்தான் பதில் சொல்லித் திணற வேண்டும்.

ஆகவே ஆவணங்களைப் படிக்கிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ராபர்ட்சன் குழுவின் அறிக்கை இன்று யாரும் படிக்கக் கிடைக்கிறது. அதில் வானத்தைப் பற்றிய பக்கங்களைத் தாண்டி, குடிமக்களைப் பற்றிய பத்திகளுக்குப் போங்கள். அந்தப் பரிந்துரையின்படி யார், யாரை, எவ்வளவு காலம் கண்காணித்தார்கள் என்று கேளுங்கள்.